ஸ்பிட்டிக்கு மெதுவாகப் போவோம்

இமயமலையில், இமாச்சலப் பிரதேசத்தின் திபெத் எல்லையோரம் கிடக்கும் அமைதியான பள்ளத்தாக்கு ஸ்பிட்டி. அங்கே போக மணாலி வழிதான் கிட்டியது. ஆனால் சுமார் 2,000 மீற்றர் உயரத்தில் புறப்பட்டு, ஒரே நாளில் 4,500 மீற்றருக்கு மேலுள்ள குன்ஸும் கணவாயைக் கடக்க வேண்டும். தலையிடியும் வாந்தியும் பலருக்கு வந்துவிடும். சிம்லாவிலிருந்து கின்னௌர் ஊடாகச் செல்லும் பாதை நீண்டது. உயரம் மெல்ல மெல்லக் கூடுவதால் உடம்பு பழகிக்கொள்ளும்.

வெளிநாட்டவரான நமக்கு அந்தப் பாதையில் அனுமதிப்பத்திரம் தேவை. ரெக்கோங் பியோவில் எடுக்கலாம். அலைச்சல்தான், ஆனாலும் எடுத்துவிடுங்கள். கி.பி. 996 இல் எழுந்த பௌத்த மடாலயம் உள்ள தாபோவில் ஓரிரவு தங்கி, பிறகு காஸாவுக்கு ஏறலாம்.

இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். வழியில் தலையிடி கூடினால், மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே ஏறாமல், உடனே கீழே இறங்குங்கள்.