தாத்தாவின் யெஸ்டியும் அப்பா போட்ட பெட்ரோலும்

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு யெஸ்டி ரோட்கிங் நிற்கிறது. 1999-ல் அப்பா சந்தைக்கு ஓட்டிப் போனபோது வழியில் 'கிறீச்'சென்று பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றதாம். தள்ளிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்து தாத்தா சொன்னது ஒரே வரி: "ஆயில் ஊத்தாம வெறும் பெட்ரோல் போட்டிருப்ப." அவ்வளவுதான். அப்பா அதன் பிறகு அந்த வண்டியைத் தொடவே இல்லை. தாத்தா வேறு யாரையும் தொட விடவில்லை. அவர் 2014-ல் போய்ச் சேர்ந்தார்.

விவரம் தெரியாதவர்களுக்கு: மைசூரில் 1996 வரை தயாரான பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் டேங்கில் ஊற்ற வேண்டும். பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வழுவழுப்பு கொடுப்பது அந்த ஆயில்தான். மறந்தால் எஞ்சின் ஜாம். ஆகவே தாத்தா சொன்னதை ஊரே நம்பியது. நானும்தான்.

இந்த லீவில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தேன். கிக்கர் அசையவில்லை. (யெஸ்டியில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றேதான், அந்த அழகே தனி!) நான் ஏறி நின்று மிதிக்கப் போனேன். "எறங்கு தம்பி, கிக்கர் பல்லு போயிடும்" என்று திட்டு விழுந்தது.

ஜாம் என்றால் எது ஜாம்? அதுதான் முதல் கேள்வியாம். நியூட்ரலில் வண்டி உருண்டது. கியரில் போட்டு கிளட்சைப் பிடித்தால் உருளவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும், அதை நம்ப முடியாது. வலது பக்க மூடியைக் கழற்றினோம். கிராங்க் நுனியில் டைனமோ. நடு போல்ட்டில் ஸ்பேனர் வைத்து லேசாகத் திருப்பிப் பார்த்தார். ம்ஹூம். அப்படியானால் கோளாறு எஞ்சினில்.

பிளக்கைக் கழற்றி டீசலும் ஆயிலும் ஊற்றி நாலு நாள் ஊற விட்டோம். அவசரப்பட்டு அடித்தால் பிஸ்டன் உடையும். ஐந்தாம் நாள் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டியதும் அசைந்தது. சிலிண்டர் கையோடு வந்தது. ரிங் நின்ற இடத்தில் துரு வளையம். அது பிறகு வந்தது. பிஸ்டனின் முன்பக்கம், சைலன்சர் பக்கம், மேலும் கீழுமாகக் கீறல்கள். அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. சூட்டில் பிடித்ததுதான். சரி, தாத்தா சொன்னது உண்மை என்று நினைத்தேன்.

அண்ணன் கனெக்டிங் ராடைப் பிடித்துச் சுற்றினார். கிராங்க் வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஆட்டம் இல்லை. அடியில் ஆயில் பிசுபிசுப்பு.

"ஆயில் இல்லாம ஓடியிருந்தா இந்த பேரிங் வெந்து நீலமா போயிருக்கும் தம்பி. பிஸ்டனும் சுத்தி வரக் கீறியிருக்கும். இது ஒரு பக்கம்தான."

"முன்ன ஊத்துன ஆயில் மிச்சமா இருக்கலாமேண்ணே?"

அவர் பதில் சொல்லாமல் கார்புரேட்டர் பக்கம் போனார். கார்புரேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில் கேஸ்கட் பாதி கிழிந்து மடங்கியிருந்தது. ஒரு நட் விரலாலேயே சுழன்றது. அந்தச் சந்தில் காற்று இழுத்திருக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் கலவை மெலியும், சூடு ஏறும். இரும்பை விட அலுமினியம் அதிகம் விரியும். பிஸ்டன் போய் சுவரைப் பிடித்துக்கொள்ளும். டேங்கில் ஆயில் இருந்தாலும்!

ராத்திரி அப்பாவிடம் அந்த கேஸ்கட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். விளக்கடியில் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்புரேட்டர மட்டும் யாரையும் தொட விடமாட்டாரு. ஞாயித்துக்கிழமையானா அவரே கழட்டி மாட்டுவாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆயில் நான் ஊத்துனேன்டா. அளந்து ஊத்துனேன்."

கேஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டார். சிலிண்டர் இப்போது ரீபோருக்காக லேத்தில் கிடக்கிறது. ஓவர்சைஸ் பிஸ்டன் தேடிக்கொண்டிருக்கிறோம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் மக்களே :-)