இடக்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

சாச்சாவின் மகன் ஓ.எல். எழுதிவிட்டு வயரிங் வேலை பழகுகிறான். இடக்கைக்காரன். அவனுக்குக் கத்தி வாங்க ஹாட்வெயார் கடைக்குப் போனோம்.

முதலில் காட்டியது லைனர் லொக். கைபிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். வலக்கையில் பிடித்தால் பெருவிரலால் அதைத் தள்ளி மடக்கலாம். இடக்கையில் பெருவிரல் மறுபக்கம் போய்விடுகிறது. சுட்டுவிரலை வளைத்துத்தான் தள்ள வேண்டும். ஏணியில் நின்று ஒற்றைக் கையால் மடக்குபவனுக்கு இது விரல் போகிற விளையாட்டு.

"பழகினா சரி, சேர்" என்றார் கடைக்காரர். இடக்கைப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் கொடுக்கும்போதும் இதே பேச்சுத்தான். கத்தரிக்கோல் பேப்பரைத்தான் கசக்கும், இது அப்படியல்ல.

கடைசியில் பேக் லொக் ஒன்றை எடுத்தோம். பூட்டு முதுகுப் பக்கம், நடுவில் இருக்கிறது. அதற்கு இடம் வலம் இல்லை. அலகைத் திறக்கும் குமிழும் இருபுறமும் உண்டு. கிளிப்புக்கு மட்டும் ஒரு பக்கம்தான் துளை. அதைக் கழற்றிவிட்டோம், டூல் பையில் போட்டுக்கொள்வான். இரும்பு கொஞ்சம் மட்டம்தான், அடிக்கடி தீட்ட வேண்டிவரும்.

இப்படி வாங்கப் போகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையிலேயே இடக்கையால் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்க்கட்டும்.