பேர்ஹேவன் கோட்டையும் யுத்த வரியும்

அமெரிக்கா செல்லும் நம்மவர் பெரும்பாலும் நியூயார்க்கின் வானளாவிய கட்டிடங்களைக் கண்டு அதிசயித்து, வாஷிங்டனில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுவார்கள். பாஸ்டன் நகருக்குத் தெற்கே சுமார் 60 மைல் தொலைவில், அகுஷ்நெட் நதி கடலோடு கலக்குமிடத்தில், பேர்ஹேவன் என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையில் இருப்பது, ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்கு உலகப் புகழ் பெற்றிருந்த நியூ பெட்போர்டு. ‘மோபி டிக்’ நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில் 1841 ஜனவரியில் கப்பலேறியது பேர்ஹேவன் துறையில்தான். அமெரிக்க மண்ணில் கல்வி கற்ற முதல் ஜப்பானியருள் ஒருவரான மஞ்சிரோ 1843-இல் வந்து தங்கியதும் இவ்வூரில்தான். ஆயினும் இவையெல்லாம் நாம் இங்கே சொல்லப் புகுந்த விஷயமல்ல.

ஆற்று முகத்திலே பாறைகளின்மீது பீனிக்ஸ் கோட்டை நிற்கிறது. கோட்டை என்றவுடன் நம் வேலூரையோ செஞ்சியையோ நினைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்து போவார். புல் மூடிய தாழ்ந்த மதில், கடலை நோக்கி வாய் திறந்திருக்கும் சில பீரங்கிகள், சுற்றிலும் உப்புக் காற்று: இவ்வளவே கோட்டை. அருகிலிருந்து புறப்பட்டுத் துறைமுகத்துக்குக் குறுக்கே நீண்டு செல்லும் புயல் தடுப்புக் கல்லணை 1966-இல் கட்டி முடிந்தது. மாலை வேளையில் அதன்மீது உலாவும் ஜனங்களுக்குக் கோட்டையின் சரித்திரத்தைப் பற்றிக் கவலை அதிகமிருப்பதாகத் தெரியவில்லை.

சரித்திரம் என்னவோ வீர சரித்திரந்தான். 1775 மே மாதத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதற் கடற்சண்டைகளில் ஒன்று இக்கரைக்கு எதிரே நடந்தது. 1778 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை வந்து கோட்டையை நாசம் செய்தது. சாம்பலிலிருந்து மீண்டும் உயிர்த்தெழும் புராணப் பறவையின் பெயரைப் பின்னர் அது பெற்றது. 1814 ஜூனில் ‘நிம்ராட்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து வந்த படகுகளை இங்கிருந்தவர்கள் விரட்டியடித்தார்கள்.

அந்த இரண்டாவது யுத்தம், 1812-இல் தொடங்கியது, மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தையே இரண்டுபடுத்திய யுத்தம். கடல் வியாபாரத்தை நம்பி வாழ்ந்த வர்த்தகர் பலர் அதை வெறுத்தார்கள். கவர்னர் காலெப் ஸ்ட்ராங், ராஜ்யத்தின் ஊர்க்காவல் படையைத் தேசிய சர்க்காரிடம் ஒப்படைக்க மறுத்தார். யுத்தத்தை எதிர்த்த கட்சிக்கு நியூ பெட்போர்டு அரணாயிருந்தது. பேர்ஹேவனிலோ யுத்தத்தை ஆதரித்த கட்சிக்குச் செல்வாக்கு. ஒரே ஊராயிருந்த இவ்விரண்டும் தனித்தனி ஊர்களானதும் அதே 1812-ஆம் ஆண்டில்தான்.

இப்படிப்பட்ட பேர்ஹேவனில் ஊர்க்கூட்டம் கூடிற்று. அந்நாட்டில் ஊர்க்கூட்டம் என்பது வெறும் சம்பிரதாயமன்று. வாக்குரிமை பெற்ற ஊரார் ஒன்று சேர்ந்து, கையுயர்த்தி, தங்கள் வரியைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளும் சபை. கரையைக் காக்கத் திரட்டப்பட்ட ஊர்க்காவல் வீரர்களுக்குச் சர்க்கார் தரும் சம்பளத்துக்கு மேல் ஊரும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது என்றும், அதற்கும் பிற பாதுகாப்புச் செலவுகளுக்கும் வரி போடுவது என்றும் தீர்மானமாயிற்று. நிலத்தையும் படகையும் விட்டுவிட்டுப் பீரங்கியருகே காவல் நிற்பவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? இதில் குற்றம் காண யாருக்குத்தான் மனம் வரும்?

ஸ்டெட்ஸன் என்னும் ஊர்வாசி குற்றம் கண்டார். வரிக்காகத் தம் பொருள் எடுத்துச் செல்லப்பட்டதும், வரி விதித்த கெம்ப்டன் முதலிய அதிகாரிகள்மீது வழக்குத் தொடுத்தார். ஊர் கூடித் தேர் இழுப்பது நல்லதுதான். ஆனால் வடம் பிடிக்க மாட்டேன் என்றவன் வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகலாமா என்பதே கேள்வி.

1816-இல், யுத்தம் ஓய்ந்த பிறகு, ராஜ்யத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. பிரதம நீதிபதி ஐஸக் பார்க்கர் கூறியதன் சாரம் இது: ஊர் என்பது சட்டம் படைத்த அமைப்பு, சட்டம் அளித்த அதிகாரத்துக்கு மேல் அதற்கு அதிகாரமில்லை. பள்ளிக்கூடம் நடத்தலாம், ஏழைகளைப் பராமரிக்கலாம், சாலை போடலாம், ஊரார் கூடுவதற்கு மண்டபம் கட்டலாம். தேசத்தைக் காப்பது சர்க்காரின் கடமை. அதற்காகப் பெரும்பான்மையோர் சிறுபான்மையோரின் பணப்பையில் கை வைக்க முடியாது. வரி செல்லாது என்று முடிந்தது. ஸ்டெட்ஸன் வென்றார்.

இந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது நம் மனம் ஒரு பக்கமாகச் சாய மறுக்கிறது. ஊரார் கட்டளைப்படி வரி விதித்த அதிகாரிகள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நஷ்டஈடு தரவேண்டி வந்தது பரிதாபமே. காவல் நின்ற வீரனுக்கு வாக்களித்ததும் பொய்யாயிற்று. ஆனால் ‘தேசபக்தி’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி எந்த வரியையும் போடலாம் என்று ஏற்பட்டுவிட்டால், அடுத்த கூட்டத்தில் எந்தச் சொல்லைச் சொல்லி எதைப் பிடுங்குவார்களோ!

உள்நாட்டு யுத்தத்தின்போது இதே கேள்வி அமெரிக்காவின் வடபகுதியெங்கும் எழுந்தது. ஒவ்வொரு பகுதியும் இத்தனை பேரைப் பட்டாளத்துக்குத் தரவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். தொண்டர்களால் அது நிரம்பாவிட்டால், 1863 மார்ச் மாதச் சட்டப்படி சீட்டுக் குலுக்கிக் கட்டாயமாக ஆள் எடுத்தார்கள். 300 டாலர் கட்டியவன் அப்போது தப்பித்துக்கொள்ளலாம், இல்லாதவன் போகவேண்டும். குலுக்கலுக்கு அஞ்சிய ஊர்கள், தாமாகச் சேர்வோருக்கு வெகுமதி தர வரி போட்டன. ஊருக்கு ஊர் போட்டி. தொகை ஏறிக்கொண்டே போயிற்று. ஓரூரில் பணம் வாங்கி ஓடிப்போய், வேறூரில் வேறு பெயரில் மறுபடி சேர்ந்த வீராதி வீரரும் உண்டு!

பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் பிளேர்ஸ்வில் என்னும் சிற்றூரில் இந்த வரியை விதித்தவர்கள் பள்ளிக்கூட நிர்வாகிகள். எழுத்தறிவிக்க ஏற்பட்ட சபையே ஆள் திரட்டும் பணத்துக்கும் சீட்டுக் கிழித்தது. அங்கும் வழக்கு நடந்தது. 1865-இல் நீதிமன்றம் வரி செல்லும் என்றது. சட்டசபை அதிகாரம் அளித்திருக்கிறது. கட்டாயச் சேவையின் சுமையிலிருந்து ஊர் முழுவதையும் காப்பது பொதுக் காரியமே என்பது அதன் வாதம்.

பேர்ஹேவனில் அந்த அதிகாரம் இல்லை, பிளேர்ஸ்வில்லில் இருந்தது. சட்டத்தின் கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவே. ஆனால் அந்த வித்தியாசம் அற்பமல்ல. ஆவேசம் மிக்க ஒரு மாலைப்பொழுதில் உயர்த்திய கைகளுக்கும், பலர் அறிய விவாதித்து இயற்றிய சட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் குடியானவனின் பாதுகாப்பு இருக்கிறது.

பேர்ஹேவனின் நடுவே 1894-இல் எழுந்த செங்கல் நகர மண்டபம் கம்பீரமாக நிற்கிறது. எண்ணெய் வர்த்தகத்தில் பெரும் பொருள் ஈட்டிய, இவ்வூரில் வளர்ந்த ஹென்றி ரோஜர்ஸின் குடும்பத்தார் அளித்த கொடை அது. எதிரே அதே குடும்பத்தின் கொடையான நூல்நிலையம். வரியாகப் பிடுங்காமல், மனமுவந்து தந்த பணத்தில் எழுந்த கட்டிடங்கள்! கோட்டைக்குப் போகும் யாத்ரிகர்கள் இம்மண்டபத்தையும் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கவேண்டும். பகைவனைச் சுட்டவர்களை நினைவூட்டக் கோட்டையில் பீரங்கி இருக்கிறது. ஊரே ஒரு பக்கம் நின்றபோது ‘இதற்குச் சட்டம் எங்கே?’ என்று கேட்ட மனிதருக்கு நினைவுச் சின்னம் வேண்டுமானால், ஜனங்கள் கூடி வாதிடும் மண்டபத்தைவிடப் பொருத்தமானது வேறெது?