ஈரம் நிற்கவில்லை என்று அவர் சொன்னால்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் யூரிட்டர். நீளம் 25 முதல் 30 செ.மீ., அகலம் 3 அல்லது 4 மி.மீ. குடலுக்கெல்லாம் பின்னால், முதுகை ஒட்டிய தசைமேல், கொழுப்புக்குள் மறைந்து கிடக்கிறது. அதனால்தான் வண்டி மோதினாலும் மாடியிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வெளிக்காயம் என்றால் பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டு, அடுத்து கத்திக்குத்து.

விதிவிலக்கு குழந்தைகள். வேகமாக வந்த வண்டியில் அடிபடும்போது பிள்ளையின் முதுகு சட்டென்று பின்னால் வளையும். சிறுநீரகமும் குழாயும் சேருமிடத்தில் அறுந்துபோகலாம். சிறுநீரில் ரத்தமே இராமலும் போகலாம். ரத்தம் இல்லை என்பதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

*

ஆனால் இந்தக் குழாய்க்கு ஏற்படும் காயங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆபரேஷன் தியேட்டரில் நடப்பவை. பெருங்குடல் அறுவை, கல்லெடுக்க உள்ளே கருவி விடுவது எல்லாம் பட்டியலில் உண்டு. முதலிடம் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கு.

காரணம் அந்த இடத்தின் அமைப்பு. கருப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. பக்கவாட்டில், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குக் கீழே யூரிட்டர் நுழைந்து போகிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கர்ப்பப்பையை எடுக்க அந்தத் தமனியைக் கட்டியே ஆக வேண்டும். பெரிய நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் நோய்), முந்தைய சிசேரியனின் ஒட்டல்கள், கதிர்வீச்சு இவற்றில் ஏதாவது இருந்தால் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இராது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் பெருகும் நள்ளிரவில், தாயின் உயிரைப் பிடித்து நிறுத்தப் போடும் ஆழமான தையலில் குழாய் சிக்கிக்கொண்டால், அந்தக் கையைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. மறுநாள் காலையில் அந்தச் சந்தேகத்தோடு அவரைப் பார்க்காமல் விட்டால், அது வேறு.

*

வெட்டுப்பட்டால் தியேட்டரிலேயே தெரிய வாய்ப்புண்டு. மற்றவை அப்படியல்ல. நூலில் கட்டுப்படலாம், கிளாம்ப்பில் நசுங்கலாம், பக்கத்துத் தையல் இழுத்து மடங்கலாம். லேப்ராஸ்கோப்பியில் ரத்தக்குழாயைச் சுட்டு மூடும் கருவியின் சூடு பட்டாலும் அன்றைக்குக் குழாய் நன்றாகவே தெரியும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சுட்ட இடம் செத்து ஓட்டையாகும். குழாயின் வெளியுறையில்தான் அதற்கு ரத்தம் தரும் வலைப்பின்னல் ஓடுகிறது. தெளிவாகப் பார்க்க வேண்டுமென்று உறையை உரித்துவிட்டாலும் அதே கதி. பாதிக்கும் மேற்பட்ட காயங்கள் தியேட்டரில் கண்ணில் படுவதில்லை.

*

இந்தக் காயம் புதிதல்ல. 1869 ஆகஸ்ட் 2, ஜெர்மனியின் ஹைடல்பெர்க். குஸ்டாவ் சைமன், திட்டமிட்டுச் சிறுநீரகத்தை அகற்றிய முதல் அறுவையைச் செய்தார். புற்றுநோய்க்கோ கல்லுக்கோ அல்ல. அந்தப் பெண்ணுக்கு முன்பு நடந்த சினைப்பைக் கட்டி ஆபரேஷனில் யூரிட்டர் அடிபட்டு, சிறுநீர் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு சிறுநீரகத்தோடு உயிர்வாழ முடியுமா என்று நாய்களிடம் சோதித்துப் பார்த்த பிறகே சைமன் கத்தியைத் தொட்டார். பெண் பிழைத்தார். திட்டமிட்டுச் சிறுநீரகம் அகற்றும் அறுவையின் வரலாறே ஓர் யூரிட்டர் காயத்திலிருந்து தொடங்குகிறது.

1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி, மேல்பகுதி யூரிட்டர் பழுதான ஒருவருக்குச் சிறுநீரகத்தை எடுத்தெறியாமல், அவருடைய இடுப்புக்குழியிலேயே கீழே இறக்கிப் பொருத்தினார். இரண்டுக்கும் இடையே 94 ஆண்டு.

*

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் சொல்வதை அப்படியே கேட்க வேண்டும். விலாவில் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிறு உப்பியே இருக்கிறது, வாந்தி. அல்லது, "பாத்ரூம் வழக்கம்போலப் போகுது, ஆனா துணி நனைஞ்சுகிட்டே இருக்கு." ஆபரேஷன் ஆனால் அப்படித்தான், சரியாயிடும்மா என்ற பதிலோடு எத்தனையோ பெண்கள் வாரக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டு, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்காத இடம் இதுதான்.

கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. ஒழுகும் நீரிலோ டிரெயின் டியூப்பில் வரும் நீரிலோ, சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்தால், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அப்படியானால் அது சிறுநீர். சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து விட்டுப் பார்க்கலாம். யோனிக்குள் வைத்த பஞ்சு நீலமானால் ஓட்டை பையில். நீலமில்லாமல் நனைந்தால் யூரிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு சிடி ஸ்கேன். மருந்து ஏற்றிப் பத்து நிமிடமாவது பொறுத்து எடுக்கும் படம் இதில் முக்கியம். மருந்து குழாயில் இறங்குமுன் எடுத்த படத்தில் கசிவு தெரியாமலே போகலாம்.

இரண்டு பக்கமும் கட்டுப்பட்டால் சிறுநீரே வராது, உடனே தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்டு வலியும் அதிகமில்லை என்றால், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், வருடங்கள் கழித்து, வேலை செய்யாத சிறுநீரகமாக அது தென்படும்.

*

சிகிச்சையைத் தீர்மானிப்பவை இரண்டு: எந்த உயரத்தில், எப்போது தெரிந்தது. தியேட்டரிலேயே தெரிந்தால் அப்போதே சரிசெய்வது நல்லது. கட்டுப்பட்டிருந்தால் அவிழ்த்து, குழாய் உயிரோடிருக்கிறதா என்று பார்த்து, அதற்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் வைப்பார்கள். மேலேயோ நடுவிலோ வெட்டுப்பட்டால், இரு முனைகளையும் சாய்வாகக் கீறி இணைப்பார்கள். நேராக வெட்டிச் சேர்த்தால் ஆறும்போது சுருங்கும். கீழ்ப்பகுதியென்றால் குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பதிக்க வேண்டும். எட்டாவிட்டால் பையை மேலிழுத்து இடுப்புத் தசையோடு தைப்பார்கள். அதுவும் போதாதபோது பையின் சுவரிலிருந்து ஒரு பட்டையை வெட்டிக் குழாயாகச் சுருட்டுவார்கள். எதைச் செய்தாலும் தையலில் இழுவை இருக்கக் கூடாது.

தாமதமாகத் தெரிந்து, சீழும் காய்ச்சலும் இருந்தால் முதலில் முதுகு வழியே சிறுநீரகத்துக்குள் டியூப் போட்டுச் சிறுநீரை வெளியே எடுப்பார்கள். உள்ளே ஸ்டென்ட் ஏறினால் சிறிய ஓட்டைகள் தாமே மூடிக்கொள்வதும் உண்டு.

*

இரண்டு முனையும் வளைந்த டிஜே ஸ்டென்டை 1978-ல் சிறுநீரியல் மருத்துவர் ராய் ஃபின்னி விவரித்து எழுதினார். பெரிய உபகாரம். அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், எரியும், விலா வலிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பயப்படமாட்டார். வழக்கமாகச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறந்தால் அதன்மேல் கல் படிந்து, எடுப்பதே தனி ஆபரேஷனாகிவிடும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுவதோடு வீட்டில் ஒருவரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். எடுத்த பிறகு சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் தேவை, ஏனென்றால் ஆறிய இடம் வலியே இல்லாமலும் சுருங்கும்.