எட்டுக் கிராம் தந்த பாடம்

2010ஆம் ஆண்டு கிளிநொச்சியில் மீளக் குடியேறிய பின்னர் நான் தொடங்கிய முதல் தொழில், தலைக்கு வைக்கும் எண்ணெய் காய்ச்சுவது. அம்மம்மாவின் கைமுறைதான். தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, வெந்தயம் போட்டுக் காய்ச்சி வடிப்பேன். இரண்டு பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அந்தச் சட்டியை நம்பித்தான் இருந்தன.

ஆலையில் 10 கிலோ எண்ணெய் வாங்கினேன். ஒரு கிலோ என்றால் ஒரு லீற்றர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 100 மில்லிலீற்றர் கோடு உள்ள போத்தல்களில் கோடு வரை நிரப்பி, “நிறை 100 கிராம்” என்று அச்சடித்த துண்டை ஒட்டினேன். 100 போத்தல் வரும் என்று பார்த்தால் 106 வந்தது. இலையிலும் சட்டியிலும் பிடித்தது போக ஆறு போத்தல் மிச்சம்! ஆலைக்காரர் தாராளமாக நிறுத்துத் தந்திருக்கிறார் என்று மகிழ்ந்தேன்.

இரண்டு கிழமை கழித்துக் கடை முதலாளி கூப்பிட்டனுப்பினார். வாங்கிய ஒருவர் ஒரு போத்தலைத் திருப்பிக் கொடுத்திருந்தார். முதலாளி என் முன்னால் வெறும் போத்தலைத் தராசில் வைத்தார்; 20 கிராம். நிரம்பிய போத்தலை வைத்தார்; 112 கிராம்.

“பிள்ளை, இதில எட்டுக் கிராம் குறையுது. எல்லாப் போத்தலும் இப்பிடித்தான்” என்றார்.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனியே நின்று உழைக்கும் பெண்ணுக்கு நல்ல பெயர்தான் முதல். அது போனால் கடனாகக்கூடக் கிடைக்காது. விற்காத போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

“அம்மா, எண்ணெய் ஏன் தண்ணியில மிதக்குது?” என்று மகள் கேட்டாள். விஞ்ஞானப் பாடத்தில் அடர்த்தி படித்தவள். மறுநாள் அதே கடைக்குப் போய், அதே போத்தலில் கோடு வரை தண்ணீர் விட்டு நிறுத்துக் காட்டினோம். போத்தலைக் கழித்தால் சரியாக 100 கிராம். எண்ணெயோ 92 கிராம். முதலாளிக்கும் விளங்கியது. எனக்கு மிச்சமாக வந்த போத்தல்கள், ஒவ்வொரு போத்தலிலும் குறைந்த எட்டுக் கிராமில் இருந்துதான் வந்தவை என்பது எனக்கும் விளங்கியது. துண்டை “100 மில்லிலீற்றர்” என்று மாற்றி ஒட்டிக் கொடுத்தேன்.

இத்தொழில் செய்யும் சகோதரிகள் இந்தக் கணக்கை எழுதி வையுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டுக்கும் கிராமை 0.92 ஆல் வகுத்தால் மில்லிலீற்றர் வரும். ஒரு கிலோ ஏறக்குறைய 1,087 மில்லிலீற்றர். ஆமணக்கெண்ணெய் சற்றுப் பாரம். 100 கிராம் 104 மில்லிலீற்றர் அளவில் வரும். கிளிசரின் தண்ணீரை விடப் பாரம். 100 கிராம் 79 மில்லிலீற்றர்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கரண்டியால் அளந்து கலக்கக் கூடாது.

எண்ணெயைச் சூட்டோடு நிரப்பவும் வேண்டாம். சூட்டில் எண்ணெய் விரியும். ஆறியதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

விலை போடும்போதும் கவனியுங்கள். எண்ணெய் கிலோ 1,000 ரூபா என்றால், 100 மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது 92 ரூபா எண்ணெய்.

கோடு பார்த்து நிரப்பினால் மில்லிலீற்றர் என்று எழுதுங்கள். தராசில் நிறுத்து நிரப்பினால் கிராம் என்று எழுதுங்கள். பிறகு யார் தராசில் வைத்துப் பார்த்தாலும் நாங்கள் தலைகுனியத் தேவையில்லை.