மாங்காயின் உள்வளைவு



போன வாரம் போட்ட ஜன்னல் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே வாங்கினீங்க சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாங்கவில்லை, நானே செய்தேன். நீலமும் மஞ்சளுமாக ஒன்பது கண்ணாடித் துண்டுகள். நடுவில் ஒரு மாங்காய்.

கற்றுக்கொடுத்தவர் என் பழைய மாணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இப்போது அவரை 'அவன்' என்று எழுத மனம் வரவில்லை.

கண்ணாடியை நாம் வெட்டுவதில்லை. கீறி, கீறலோடு உடைக்கிறோம். கட்டரை ஒரே சீராக, ஒரே முறை இழுக்க வேண்டும். அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தால் கட்டரின் சக்கரம் மழுங்கும், கண்ணாடியும் கோணலாக உடையும். பிறகு ஓரத்தை நீர் விட்டுத் தேய்த்து, சுற்றிலும் செம்பு நாடா ஒட்ட வேண்டும். சாதாரண ஈயப்பற்று கண்ணாடியில் ஒட்டாது, செம்பில் ஒட்டும். அதற்குத்தான் நாடா. நாடாவில் பிளக்ஸ் தடவி, துண்டுகளைச் சேர்த்து வைத்து, வெள்ளீயமும் காரீயமும் 60-க்கு 40 கலந்த கம்பியை உருக்கி ஓடவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். இதற்கு டிஃபனி முறை என்று பெயர். (காரீயம் விஷம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.)

நேர்கோடு எனக்கு வந்துவிட்டது. மாங்காயின் மூக்கருகே உள்நோக்கி வளைகிற இடம்தான் வரவில்லை. ஐந்து துண்டுகள் உடைந்தன. முப்பது வருடம் வடிவியல் நடத்திய கை நடுங்கியது.

அவர் சிரிக்கவில்லை. "உள்வளைவு யாருக்குமே ஒரேயடியா வராது சார். முதல்ல கொஞ்சமா கீறி எடுங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம். பிறை பிறையா எடுத்துக்கிட்டே கோட்டுக்கு வாங்க" என்றார். ஆறாவது துண்டு நின்றது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரையத் தெரியாமல் கரும்பலகை முன் நின்ற அவரை, "உனக்கெல்லாம் கணக்கு வராது, போய் உட்காரு" என்று எல்லோர் முன்பும் சொன்னவன் நான். பிறை பிறையாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. பாடத்தை முடிக்கும் அவசரம்.

"அது ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டேன். "இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்க ஆரம்பித்தார். ஞாபகம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். கடையிலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார்.

இதைப் படிப்பவர்களில் நான் அப்படி உட்கார வைத்தவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களிடமும் கேட்கிறேன்.

மாங்காயின் மூக்கருகே ஈயம் கொஞ்சம் தடித்துத்தான் இருக்கிறது. சரிசெய்யவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் காலை ஏழு மணிக்கு வாருங்கள். அப்போதுதான் கிழக்கு வெயில் விழுந்து, நீலமும் மஞ்சளும் தரையில் வந்து உட்காரும். காபி தருகிறோம்.