திரும்பி வரும் முகாம்

பல்வலிக்கு ராத்திரிதான் நேரம். படுத்தவுடன் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும். சொத்தைப் பல்லுக்குள் வீங்கிக் கிடக்கும் சதை இன்னும் அழுந்தும். பகலெல்லாம் வேலையில் மறந்திருந்த வலி அப்போதுதான் விண்விண்ணென்று தெறிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகளின் அடிவாரத்துத் தென்னந்தோப்புகளில் காவலுக்குக் குடியிருப்பவர்களுக்கு அந்நேரம் கைகொடுப்பவை கிராம்பும் ஒரு கிள்ளுப் புகையிலையும்தான். விடிந்ததும் வத்திராயிருப்புக்கு வந்து மருந்துக்கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வலி அடங்கினால் வேலைக்குப் போய்விடுவார்கள். சொத்தை மட்டும் உள்ளே நிற்காமல் அரித்துக்கொண்டே இருக்கும்.

நான் இந்தப் பக்கத்துப் பெண். பல் மருத்துவம் படித்தது சென்னையில். அங்குள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் வந்து இறங்குவார்கள். முதல் வருடம் மெழுகுக் கட்டியைச் செதுக்கிச் செதுக்கி ஒவ்வொரு பல்லின் மேடு பள்ளத்தையும் கை மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டாம் வருடம் பிளாஸ்டர் தூசியிலும், பொம்மைத் தலையில் பல்லைக் குடைவதிலும் ஓடும். மூன்றாம் வருடம்தான் உயிருள்ள வாய் முன்னால் திறக்கும்.

இறுதியாண்டில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: “பேஷண்ட் கிடைச்சாச்சா?” முழுப் பல்செட் செய்து காட்டினால்தான் பரீட்சை எழுத முடியும். பல் ஒன்றுகூட இல்லாத பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அளவெடுக்க, கடி பார்க்க, மெழுகில் பொருத்திப் பார்க்க, கடைசியில் செட்டை மாட்ட என்று நாலைந்து தடவை வரவழைக்க வேண்டும். பஸ் காசை மாணவர்களே கொடுப்பார்கள். காலையில் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார்கள். கடைசி நாளில் செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பெரியவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும்போது படித்த பிள்ளைக்குக் கண் கலங்கும். ஒரே மனிதரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வந்த ஒட்டுதல் அது. பல் மருத்துவத்தில் நான் கற்றவற்றில் இதைத்தான் மேலானதாக நினைக்கிறேன்.

அந்த ஒட்டுதல் கல்லூரி வாசலோடு நின்றுவிடக் கூடாது என்று விதியே சொல்கிறது. 2007-ஆம் ஆண்டின் பி.டி.எஸ். விதிமுறைப்படி பயிற்சி மருத்துவக் காலம் 12 மாதம். அதில் 3 மாதம் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப் பணிக்கும் உரியது. வேறு எந்தத் துறைக்கும் இவ்வளவு காலம் ஒதுக்கப்படவில்லை. அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் எங்கள் அடிவாரத்து வாய்களின் கதி இருக்கிறது.

மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் இங்கே முகாமுக்கு வந்தபோது உள்ளூர் மருத்துவராக நானும் போயிருந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சைப் போட்டு, வெளிச்சத்தைப் பார்த்து பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். ஒருவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் அட்டையில் குறித்துக்கொண்டார். “பதினாறு, சொத்தை. முப்பத்தாறு, சொத்தை. நாற்பத்தாறு, வேர் மட்டும்.” இந்த எண்கள் கடைவாயின் முதல் பெரிய பற்களைக் குறிப்பவை. ஆறு வயதில், ஒரு பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பவை. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடைவாய்ப்பல் போனால் மறுபடி முளைக்காது. பத்து வயதில் அதைப் பிடுங்கினால் ஆயுளுக்கும் அந்தப் பல் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சொத்தை என்றாலே பால்கோவா மேல் பழி போடுவார்கள். ஒரு நேரம் சாப்பிட்டு வாயைக் கொப்பளித்தால் பால்கோவா பெரிய கெடுதல் செய்யாது. இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொரு பிஸ்கட், இன்னொரு மிட்டாய், இன்னொரு டீ என்றால் பல்லுக்கு மூச்சு விட இடமே இல்லை. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே கணக்கு.

பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்கள் வந்தார்கள். ஒரு பாட்டி உட்காரும்போதே கேட்டார், “தாயி, மேல்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்னு சொல்றாகளே?” பயிற்சி மருத்துவப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள். “கண் பார்வைக்குப் போற நரம்பு வேற பாட்டி, பல்லுக்குப் போற நரம்பு வேற. எங்க அப்பத்தாவுக்கு நான்தான் மேல்பல்லு எடுத்தேன். இன்னைக்கும் ஊசியில நூல் கோக்குறாங்க.” பாட்டி வாயைத் திறந்தார். கன்னத்தின் உட்பக்கம், புகையிலையை அதக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. அந்தப் பெண் விரலில் காஸ் துணியைச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள். திட்டு போகவில்லை. அறுவைச் சிகிச்சைத் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி இங்கே ராஜபாளையம் பக்கத்தில்தான் இருக்கிறது. துணி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊரில் மருத்துவம் எட்டாமல் இருந்தால் அது நியாயமில்லை.

துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டைச் சும்மா விடக் கூடாது. உலகின் வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில்தான். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. காட்டு வேலைக்குப் போகும் பெண்களின் சுருக்குப்பையில் பாக்கும் புகையிலையும் இன்னும் இருக்கின்றன, பசியை அமர்த்தவும் பல்வலியை மரத்துப்போக வைக்கவும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான முகாம்கள் முடிகின்றன. ஒரு சீட்டில் ‘மேல்சிகிச்சைக்கு மதுரை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி கிளம்பிவிடும். பாட்டி மதுரைக்குப் போக வேண்டுமானால் வத்திராயிருப்பில் பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவில் வந்து, அங்கிருந்து மதுரை பஸ் பிடிக்க வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக ரெண்டு பேர் கூலி போச்சு. சதைத் துணுக்கு எடுக்க ஒரு நாள், முடிவு கேட்க இன்னொரு நாள். அந்தச் சீட்டு காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டு அங்கேயே பழுப்பேறும்.

ஆனால் இங்கே வந்த மாணவர்கள் அடுத்த மாதமும் வந்தார்கள். அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். வரும்போது பழைய அட்டைகளையும் கொண்டுவந்தார்கள். திட்டு இருந்தவர்களைத் தங்கள் வண்டியிலேயே கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்து திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பாட்டிக்குப் புற்றுநோய் இல்லை, ஆனால் புகையிலையை விட்டாக வேண்டும் என்று முடிவு வந்தது. சொன்னதே அந்தப் பெண் என்பதால் பாட்டி விட்டார். பிள்ளைகளின் சொத்தைக்குப் பள்ளிக்கூட வராந்தாவிலேயே வைத்தியம் நடந்தது. மின்சாரமும் மோட்டாரும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி கண்ணாடி அயனோமர் சிமெண்டால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவானது. உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுப் பரப்பியது. ஊசியும் பெரும்பாலும் தேவையில்லை. தாணிப்பாறை பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இல்லை. மாதாமாதம் பார்த்த முகம் என்றால் பிள்ளைகள் தாமே வாயைத் திறக்கிறார்கள்.

பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். நூறு ஊரில் நூறு முகாம் நடத்திப் படம் எடுத்துப் போடுவதைவிட, நாலு ஊரை உங்கள் ஊராக எடுத்துக்கொள்ளுங்கள். விதி கொடுத்த அந்த மூன்று மாதத்தை அங்கே செலவிடுங்கள். ஒரு அணி முடித்துப் போகும்போது அட்டைகளை அடுத்த அணியிடம் ஒப்படையுங்கள். ஊர்க்காரர்களும் முகாமுக்கு வருகிறவர்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: அடுத்து எப்போது வருவீர்கள்? தேதி சொல்லும் முகாமே முகாம்.